தயிர்சாதத்துல கலந்து குடுக்கலாமான்னு கேட்டா: ஒரு நீலக் கேப்ஸ்யூல் கேஸ்

மாத்திரைய நுணுக்கலாமா, கேப்ஸ்யூல பிரிச்சு சாப்பாட்டுல கலக்கலாமான்னு கேக்குற போன் எங்க பார்மசிக்கு ரொம்ப சாதாரணமா வரும். பாதி பேர் கேக்குறது நிஜமாவே முழுங்க முடியாதவங்களுக்காக, ஸ்ட்ரோக் வந்து தொண்டை பலவீனமானவங்க, மூக்கு வழியா டியூப் போட்டவங்க, அதுக்கு மருந்த பார்த்து சட்டுனு பதில் சொல்லிடலாம். மீதி பாதியில வேற ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கும், அத நாம வெளிய எடுக்கலைன்னா நல்ல மனசோட தப்பான காரியத்துக்குத் துணை போயிடுவோம். அப்படி ஒரு கேஸத்தான் முழுசா எழுதுறேன். பாட்டியோட வயசு, ஊர், குடும்பம் எல்லாம் மாத்தியிருக்கேன், வேற வேற குடும்பத்துல பார்த்த விஷயங்கள ஒரே ஆள் மேல ஏத்தியிருக்கேன், யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. மருந்து பத்தின விவரமும் சட்டமும் மட்டும் உள்ளது உள்ளபடி.

பாட்டிக்கு 81 வயசு. சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் வீவக வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி வீடு) மக, மருமகன், பேரப்பிள்ளைங்களோட இருக்காங்க, வீட்டுல மியான்மார்லேருந்து வந்த ஹெல்ப்பர் ஒரு பொண்ணு. பாட்டிக்குத் தமிழ்தான், கொஞ்சம் பசார் மலாய், இங்கிலீஷ்ல ஓகே, தேங்க்யூ, டாக்டர், அவ்வளவுதான். ரொம்ப வருஷமா பிபி, சர்க்கரை ரெண்டும் இருக்கு. படபடப்புன்னு ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது இதயத்தோட மேல் அறை ஒழுங்கில்லாம துடிச்சு ரத்தம் தேங்கி கட்டி உண்டாகி அது மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் வர்ற ஆபத்த கணக்குப் போடுற சாட்ஸ்-வாஸ்க் ஸ்கோர் போட்டா வயசுக்கு 2, பிபிக்கு 1, சர்க்கரைக்கு 1, பொம்பளைங்கறதுக்கு 1, மொத்தம் 5. ரத்தக்கட்டி தடுக்குற மருந்து கட்டாயம் வேணும்ங்கற நிலைமை. கிட்னி பார்த்துட்டு டாபிகட்ரான் 110 மில்லிகிராம் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு குடுத்து அனுப்பினாங்க, பிரடாக்ஸாங்கற பேர்ல வர்ற நீலக் கேப்ஸ்யூல்.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல ரெண்டு வரி முக்கியம். ஒண்ணு, லேசான ஞாபக மறதி இருக்கு, பின்னாடி பார்க்கணும். இன்னொண்ணு, மருந்து பத்தி மகளுக்கு விளக்கியாச்சு, புரிஞ்சுக்கிட்டாங்க. பாட்டிக்கு விளக்கினதா எங்கயும் இல்ல.

கொஞ்ச நாள் கழிச்சு ஹெல்ப்பர் பாட்டியோட கோயில் பையைத் துவைக்க எடுத்தப்போ உள்ள விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல ஒரு டிஷ்யூ மடிப்பு இருந்திருக்கு. பிரிச்சா கேப்ஸ்யூலுங்க, வாயில போட்டு எச்சில்ல ஊறி, ஓடு பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நீலச் சாயம் டிஷ்யூ பூரா இறங்கியிருந்துச்சு. ஹெல்ப்பர் பயந்துபோய் மகளுக்கு போட்டோ அனுப்பியிருக்கு, மக ஆபீஸ்லேருந்தே எங்களுக்கு போன் போட்டாங்க.

"ஒரு சின்ன டவுட்டு மா. அம்மாவோட நீலக் கேப்ஸ்யூல பிரிச்சு உள்ள இருக்கிறத மட்டும் தயிர்சாதத்துல கலந்து குடுக்கலாமா?"

"முழுங்க முடியலையாக்கா, இல்ல முழுங்க மாட்டேங்குறாங்களா?"

"மாட்டேங்குறாங்க. வாயில போட்ட மாதிரி போட்டுட்டு துப்பிடுறாங்க."

"கலந்து குடுக்குறது அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "தெரிஞ்சா அதையும் சாப்பிட மாட்டாங்களே மா. அம்மாவுக்கு மறதி வேற. எல்பிஏ என் பேர்லதான் இருக்கு, அதனால பிரச்சனை இல்லைல்ல?" எல்பிஏன்னா, பின்னாடி நமக்கு முடிவெடுக்குற திறன் போயிட்டா நமக்காக யார் முடிவெடுக்கணும்னு முன்னாடியே எழுதி வைக்கிற அதிகாரப் பத்திரம்.

முதல்ல மருந்து பதில். டாபிகட்ரான் கேப்ஸ்யூல பிரிக்கவே கூடாது. இந்த மருந்து ரத்தத்துல ஏறுறதே கஷ்டம், முழுசா முழுங்கினா 100ல கிட்டத்தட்ட 6.5 பங்குதான் உள்ள போகும், அதுக்கு ஏத்த மாதிரிதான் டோஸே போட்டிருக்காங்க. ஓட்டை எடுத்துட்டு உள்ள இருக்கிற குட்டிக் குட்டி உருண்டைங்கள மட்டும் சாப்பிட்டா ரத்தத்துல ஏறுற அளவு, ஓட்டோட முழுங்கினா ஏறுறத விட 75 சதவீதம் வரைக்கும் கூடிடும். 81 வயசுல, வயசானவங்களுக்குன்னே குறைச்சுக் குடுத்த டோஸ்ல இருக்கிற ஒருத்தருக்கு அது நடந்தா வயித்துலயோ குடல்லயோ ரத்தக்கசிவு வரலாம், அதுவும் யாரும் பார்க்காத நேரத்துல. அதுபோக இந்தக் கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகவே ஆகாது, பாக்கெட்லேருந்து எடுத்து வாராந்திர மருந்து டப்பாவுல போட்டு வைக்கக் கூடாது. கேட்டா அந்த வீட்டுல மத்த மாத்திரைங்களோட சேர்த்து டப்பாவுலதான் போட்டு வச்சிருந்தாங்க.

இத சொல்லி பிரிக்காதீங்கக்கான்னு சொன்னதும் அவங்க சரின்னுட்டாங்க. போன அதோட வச்சிருந்தா என் கடமை முடிஞ்ச மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ஆனா எனக்கு உறுத்தினது என்னன்னா, அன்னிக்கு அந்தத் திட்டம் நின்னது மருந்தோட குணத்தால, வேற எதனாலயும் இல்ல. இதே பாட்டிக்கு இதே வேலை செய்யுற ரிவரோக்சபான்ங்கற மாத்திரைய எழுதியிருந்தாங்கன்னு வச்சுக்கோங்க, அந்த மாத்திரைய நுணுக்கி மசிச்ச பழத்துல கலந்து குடுக்கலாம்னு மருந்துத் தகவல்லயே இருக்கு. அப்போ "நுணுக்கலாமா"ன்னு கேட்டதுக்கு "நுணுக்கலாம், சாப்பாட்டோட குடுங்க"ன்னு சரியான பதிலச் சொல்லியிருப்போம், ஒரு வயசான அம்மாவுக்குத் தெரியாம ரத்தம் உறையாம பண்ற மருந்த ஊட்டுறதுக்கு நாமளே வழி காட்டியிருப்போம். அதனாலதான் சொல்றேன், நுணுக்கலாமாங்கற கேள்விக்கு மருந்துப் புத்தகத்த திறக்குறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுடணும். கேக்கறதுக்கு பத்து செகண்ட் கூட ஆகாது.

போன்லயே வேற சில விஷயமும் அவசரமா முடிச்சேன். கடைசியா எப்போ உருப்படியா முழுங்கினாங்கன்னு தெரியல, டாபிகட்ரான் உடம்புல தங்குறது கொஞ்ச நேரம்தான், ரத்தத்துல இருக்கிற அளவு பாதியா குறைய 12லேருந்து 17 மணி நேரம்தான், ரெண்டு மூணு வேளை விட்டாலே பாதுகாப்பு போயிடும். விட்டத ஈடுகட்ட ரெண்டா குடுக்காதீங்க, முகம் கோணினா, கை தொங்கினா, பேச்சு குளறினா யோசிக்காம ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்கன்னு சொன்னேன். டாக்டர் டீமுக்கு அன்னிக்கே தகவல் போச்சு. இன்னொண்ணும் கேட்டேன், யாரு கலந்து குடுக்குறதா இருந்துச்சுன்னு. ஹெல்ப்பர்தான்னாங்க. அந்தப் பொண்ணு இருபது சொச்ச வயசு, பாஷை தெரியாத வீட்டுல, முதலாளி சொன்னா செய்யத்தான் செய்யும், நாளைக்கு பாட்டிக்கு ரத்தவாந்தி எடுத்தா முதல்ல கேள்வி கேக்குறது அதைத்தான். அந்தப் பொண்ணு தலையில இதைப் போடாதீங்கக்கான்னு சொன்னப்போ மக நிஜமாவே கலங்கிட்டாங்க, அந்தக் கோணத்துல அவங்க யோசிக்கவே இல்ல.

இப்போ சட்டம். சிங்கப்பூர்ல மனநலத் திறன் சட்டம் 2008ல வந்து 2010 மார்ச்லேருந்து நடைமுறையில இருக்கு. அதோட ஆரம்பமே, திறன் இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் ஒருத்தருக்குத் திறன் இருக்குன்னுதான் எடுத்துக்கணும்ங்கறது. அடுத்தது, அவங்க முடிவெடுக்க உதவுறதுக்கு நடைமுறையில முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சு பார்க்காம திறன் இல்லன்னு சொல்லக் கூடாது. அடுத்தது, புத்திசாலித்தனமா தெரியாத முடிவ எடுத்தாங்கங்கறதுக்காக மட்டும் திறன் இல்லன்னு சொல்லக் கூடாது. இந்த மூணையும் பாட்டி மேல வச்சுப் பாருங்க. லேசான மறதின்னு ஒரு வரி, அது நிரூபணம் ஆகாது. தமிழ்ல உக்காந்து ஒருத்தரும் பேசலைன்னா முடிஞ்சதெல்லாம் செஞ்சாச்சுன்னு சொல்லவே முடியாது. மருந்த துப்புறது நமக்கு முட்டாள்தனமா தெரியலாம், அது மட்டும் ஒரு காரணம் ஆகாது.

எல்பிஏ விஷயத்துல நம்ம ஆளுங்ககிட்ட பெரிய குழப்பம் இருக்கு, படிச்சவங்ககிட்டயே. கையெழுத்துப் போட்டு பொதுக் காப்பாளர் அலுவலகத்துல பதிஞ்சுட்டா அன்னிலேருந்து அம்மா அப்பாவோட முடிவெல்லாம் நம்ம கையில வந்துடுச்சுன்னு நினைக்கிறாங்க. அப்படி கிடையாது. உடல்நலம், பராமரிப்பு சம்பந்தமான அதிகாரம், அவங்க அந்த முடிவ தானா எடுக்குற திறன இழந்த பிறகுதான் வேலை செய்யும். அந்தத் திறனும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியா பார்க்கணும், பேங்க் கணக்குப் பார்க்க முடியாதவங்களுக்கு இந்த மாத்திரை வேணுமா வேணாமான்னு சொல்லத் தெரியலாம். பார்க்க வேண்டியது நாலு: சொல்றது புரியுதா, முடிவெடுக்குற நேரம் வரைக்கும் மனசுல நிக்குதா, அத எடை போட்டுப் பார்க்க முடியுதா, முடிவ ஏதோ ஒரு விதத்துல தெரிவிக்க முடியுதா. திறன் இருக்கிற ஒருத்தர் வேணாம்னு சொன்ன மருந்த அவங்களுக்குத் தெரியாம சோத்துல வச்சுக் குடுத்தா, பெத்த மக குடுத்தாலும் அவங்க உடம்பு மேல அத்துமீறினதுதான்.

மகளுக்கு இதையெல்லாம் இப்படி கோர்ட் மாதிரி சொல்லல. "எல்பிஏ இருக்கட்டும்க்கா, அது வேணும்ங்கற நாள் வந்தா யூஸ் ஆகும், இப்போ அம்மாகிட்ட நான் நேர்ல பேசலாமா"ன்னு கேட்டேன். ஃபாலோ அப் அப்பாயின்ட்மெண்ட முன்னாடி இழுத்துக் குடுத்தாங்க.

நேர்ல வந்தப்போ முதல்ல பாட்டிகிட்டதான் கேட்டேன், நாம தனியா பேசலாமா, இல்ல பொண்ணு கூட இருக்கணுமான்னு. "அவ போய் கோப்பி குடிச்சுட்டு வரட்டும்"னாங்க. வீட்டாளு மொழிபெயர்க்கிறதுல இருக்கிற சிக்கல் இதுதான், அவங்க நல்லவங்களா இருந்தாலும் சரி, அவங்க முன்னாடி சொல்ல முடியாத விஷயம்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும். ரகசியம் காக்குறது எங்க நடத்தை நெறியிலயும் இருக்கு, சட்டத்துலயும் இருக்கு, ஆனா கவுன்ட்டர் முன்னாடி குடும்பமே நிக்கும்போது அது மொதல்ல காத்துல போயிடுது.

மருந்து ஒத்துக்கிச்சா பாட்டின்னு கேட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கு." இந்தப் பதிலோட நிறைய கவுன்சலிங் முடிஞ்சுடும். நம்ம பெரியவங்க வெள்ளைக் கோட்டப் பார்த்தா குறை சொல்ல மாட்டாங்க, அது மரியாதை. கோயில் பை விஷயத்த எடுத்தா மானம் போன மாதிரி ஆயிடும், அத நான் தொடவே இல்ல. "இந்த மருந்து நிறைய பேருக்கு நெஞ்ச எரிக்கும் பாட்டி, அதனாலயே விட்டுடுவாங்க, உங்களுக்கு எப்படி?"ன்னு கேட்டேன். மத்தவங்களும் விடுறாங்கன்னு தெரிஞ்சதும் முகமே கொஞ்சம் இளகிச்சு. "ஆமாம்மா, எரியுது. ராத்திரிதான் ரொம்ப." அது உண்மைதான், உள்ள இருக்கிற உருண்டைங்களோட நடுவுல டார்டாரிக் ஆசிட் இருக்கு, புளியில இருக்கிற அதே புளிப்பு, மருந்து கரைய அது வேணும், ஆனா சில பேருக்கு வயித்த சுடும். டாபிகட்ரானையும் வார்ஃபரின்ங்கற பழைய மருந்தையும் ஒப்பிட்டு 2009ல வந்த ஆர்இ-எல்ஒய் ஆய்வுலயே வயித்து எரிச்சல் டாபிகட்ரான் எடுத்தவங்கள்ல 11 சதவீதத்துக்கு மேல, வார்ஃபரின் எடுத்தவங்கள்ல 6க்கும் கம்மின்னு பார்த்தாங்க.

"அது மட்டும்தானா பாட்டி?"ன்னு கேட்டுட்டு நான் பேசாம இருந்தேன். அந்த அமைதிய பேசி நிரப்பிடணும்னு தோணும், பின்னாடி நம்பர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், ஆனா அந்த நேரத்துல வாய மூடிக்கிட்டு இருக்குறதும் கவுன்சலிங்தான்.

"ஏம்மா, இந்த ஓடு மாட்டு எலும்புல செய்யிறதாமே?"

கோயில்ல அன்னதானம் முடிஞ்சு உக்காந்திருந்தப்போ பக்கத்துல இருந்த ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. பாட்டி பொறந்ததுலேருந்து சைவம் இல்ல, மீனு கறி எல்லாம் சமைச்சு சாப்பிட்டவங்கதான், வீட்டுக்காரர் தவறினப்புறம் விட்டுட்டாங்க, முட்டை கூட தொடறதில்ல. மக வீட்டுல எல்லாரும் அசைவம், இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டி. "டாக்டர்கிட்ட கேக்கலாம்னா அவருக்குத் தமிழ் தெரியாது. பொண்ணுகிட்ட சொன்னா இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்பா. அதான் ஒண்ணும் சொல்லல."

பாட்டி அசட்டுத்தனமா எதையும் நம்பல. கேப்ஸ்யூல்ல பெரும்பாலானது ஜெலட்டின்தான், மாட்டுத் தோல், எலும்பு, பன்னித் தோல் இதுலேருந்துதான் எடுக்குறாங்க. முஸ்லிம் நோயாளிங்க இத அடிக்கடி கேப்பாங்க, அதனால நம்ம ஊர் பார்மசியில பன்னி ஜெலட்டினான்னு பார்த்துச் சொல்ற பழக்கம் இருக்கு. சைவம் சாப்பிடுற தமிழ்ப் பாட்டி வாயத் திறந்து கேக்க மாட்டாங்க, நாமளும் கேக்குறதில்ல.

தயாரிப்புத் தகவல எடுத்து அவங்க பக்கத்துல உக்காந்தே பார்த்தேன். இந்தக் கேப்ஸ்யூல் ஓடு ஜெலட்டின் இல்ல, ஹைப்ரோமெல்லோஸ், மரம் பருத்தி மாதிரி செடிகொடியில இருக்கிற நார்லேருந்து பண்றது. அத சொன்னதும் பாட்டி, "அப்போ மாடு இல்லையா? நெஜமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனா அதே பட்டியல்ல கீழ, ஓட்டு மேல எழுத்து அடிச்சிருக்கிற கறுப்பு மையில என்ன இருக்குன்னும் போட்டிருக்கு, அதுல ஷெல்லாக் இருக்கு. ஷெல்லாக்னா அரக்கு, மரக்கிளையில அரக்குப் பூச்சி விடுற பிசின், அத சுரண்டி எடுக்கும்போது பூச்சியும் சாகும். ஒரு எழுத்து அளவு மை, அதுல ஒரு துளி. சொல்லணுமா?

சொன்னேன். அரக்குன்னதும் அவங்களுக்கு நான் விளக்கவே தேவைப்படல, பழைய காலத்துல தபால்ல சீல் வைக்கிறது, வளையல் பண்றது எல்லாம் அவங்களே சொன்னாங்க. "கொன்னுதான் எடுக்குறாங்களா?" ஆமா பாட்டி, பெரும்பாலும் அப்படித்தான். வேற மருந்துக்கு மாத்த முடியுமான்னு கேட்டாங்க. டாக்டர்கிட்ட கேக்கலாம், நானா மாத்த முடியாது, இது டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாத மருந்து, ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண குடுக்கவும் அவர் எழுதணும்னேன். அபிக்சபான் மாதிரி மாத்திரையா வர்றதும் இருக்கு, ஆனா மாத்திரைன்னாலே சுத்த சைவம்னு சத்தியம் பண்ண முடியாது, மாத்திரை ஒட்டாம இருக்கச் சேர்க்குற மெக்னீசியம் ஸ்டியரேட் செடியிலேருந்தும் வரலாம் மிருகக் கொழுப்புலேருந்தும் வரலாம், கம்பெனிகிட்ட எழுதிக் கேட்டாத்தான் தெரியும்னு அதையும் சொன்னேன். எடுக்கலைன்னா என்ன ஆகும்ங்கறதையும் சொன்னேன், ஸ்ட்ரோக் வந்தா கை கால் போகலாம், பேச்சு போகலாம், உயிரும் போகலாம், பயமுறுத்த சொல்லல பாட்டி, தெரிஞ்சு முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன்னு.

"நாளைக்குச் சொல்றேம்மா."

ஒரு ராத்திரி தள்ளிப்போறது எனக்கு நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா திறன் இருக்கிற ஆளுக்கு யோசிக்க நேரம் கேக்குற உரிமையும் உண்டு. சொன்னத உங்க வார்த்தையில சொல்லுங்க பாட்டின்னு கேட்டப்போ, ரத்தம் கட்டி தலைக்கு ஏறாம இருக்க இந்த மருந்து, காலையும் ராத்திரியும் ஒண்ணு, பிரிக்கக் கூடாது, டப்பாவுல போடக் கூடாது, ஓடு மாடு இல்ல, எழுத்துல அரக்கு இருக்குன்னு வரிசையா சொன்னாங்க. மறதின்னு எழுதியிருந்த அதே பாட்டி. டாக்டருக்கு போன் பண்ணி நிலைமையச் சொன்னேன், அவர் அபிக்சபானுக்கு மாத்தத் தயார்னார், பாட்டி என்ன சொல்றாங்களோ அதப் பார்த்து எழுதுறேன்னார்.

மக கோப்பி குடிச்சுட்டு வந்தாங்க, பாட்டியே அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தனியா என்கிட்ட வந்து, "மாடு இல்லன்னு சொன்னதோட விட்டிருக்கலாமே மா, இன்னிக்கே சாப்பிட்டிருப்பாங்களே, அந்த மை விஷயத்த எதுக்குச் சொன்னீங்க?"ன்னாங்க. கோவம் நியாயமானது. எங்க டீம்ல ஒரு சீனியரும் இதையேதான் சொன்னார், இவ்வளவு சின்ன அளவுக்கு ஸ்ட்ரோக் ரிஸ்க்கை வச்சு விளையாடலாமா, நோயாளிக்கு நல்லது எதுவோ அதத்தானே முதல்ல பார்க்கணும்னு. நான் நல்லா யோசிச்சுட்டுதான் சொல்றேன், சொன்னது சரிதான். அவங்க கேட்டது ஜெலட்டினா இல்லையாங்கற கெமிஸ்ட்ரி கேள்வி இல்ல, நான் விட்ட ஒண்ணு இதுக்குள்ள இருக்கான்னு கேட்டாங்க. அதுக்கு பாதி பதிலச் சொல்லி தலையாட்ட வைக்கிறது தயிர்சாதத்துல கலக்குறதுக்கு ரொம்ப தூரம் இல்ல. நாளைக்கு அதே கோயில்ல அதே அம்மா மைல அரக்கு இருக்காமேன்னு சொன்னா, அதுக்கப்புறம் அந்தப் பாட்டி எங்க யாரு சொல்றதையும் நம்ப மாட்டாங்க, இன்சுலின், பிபி மாத்திரை எல்லாத்தையும் சேர்த்துதான் விடுவாங்க.

சட்டம் போற திசையும் இதுதான். 2017ல ஹீ சீ கொக்ங்கற நோயாளியோட வழக்குல சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவ ஆலோசனைன்னு வரும்போது மத்த டாக்டர்ங்க வழக்கமா எவ்வளவு சொல்வாங்கங்கறத மட்டும் பார்த்தா போதாது, அந்த நோயாளியோட இடத்துலேருந்து எது முக்கியம்னு பார்க்கணும்னுச்சு. அதுக்கப்புறம் டாக்டருங்க பயந்துபோய் தேவையில்லாததெல்லாம் அடுக்க ஆரம்பிச்சுடுவாங்கன்னு கவலை வந்து, 2020ல சிவில் சட்டத்துல திருத்தம் பண்ணி 37வது பிரிவு வந்துச்சு, 2022 ஜூலை 1லேருந்து நடைமுறை. அளவுகோல திரும்ப மருத்துவத் துறையோட கருத்துப் பக்கம் கொண்டுபோனாலும், அந்த நோயாளிக்குன்னு தனியா இருக்கிற கவலைக்கு அதுலயும் இடம் விட்டிருக்காங்க. டாக்டருங்கள மனசுல வச்சு வந்த சட்டம்னாலும் கவுன்ட்டர்ல நிக்கிற எனக்கு அதுல பாடம் இருக்கு. எல்லா நோயாளிக்கும் மையோட மூலப்பொருள் வரைக்கும் ஒப்பிக்கணும்னு நான் சொல்லல, அப்படி ஒப்பிச்சா முக்கியமான ரத்தக்கசிவு எச்சரிக்கை அதுல அமுங்கிப் போயிடும். இந்தப் பாட்டி வாயத் திறந்து கேட்டாங்க, கேட்டதுக்கப்புறம் அது அவங்களுக்கு முக்கியமான தகவல் ஆயிடுச்சு.

மறுநாள் காலையில பாட்டியே பேசினாங்க, மக போன் போட்டுக் குடுத்தாங்க. "பட்டுப்புடவை கட்டிக்கிட்டுத்தானே தைப்பூசத்துக்குப் போறேன், அதுவும் பூச்சிதானே. மாடு இல்லைல்ல, இதையே சாப்பிடுறேன். எரிச்சலுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணு." வேற ஒருத்தருக்கு அந்தப் பட்டுக் கணக்கு ஒத்து வராது, வேணாம்னு சொல்லியிருப்பாங்க, அப்போ அபிக்சபான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருப்போம். சாப்பிட்ட உடனே, ஒரு பெரிய கிளாஸ் தண்ணியோட, நிமிர்ந்து உக்காந்து முழுங்கி, கொஞ்ச நேரம் படுக்காம இருக்கச் சொன்னேன், அதுலயே எரிச்சல் நல்லா குறைஞ்சுது. எரிச்சலுக்குன்னு இன்னொரு மருந்து சேர்த்தா அதுவே ஜெலட்டின் கேப்ஸ்யூலா வரும், ஓமெப்ரஸோல் நிறைய அப்படித்தான், அதனால அவசரப்பட வேணாம்னு டாக்டரும் சொன்னார். வேளை தவறினா அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல இருந்தா போடலாம், கம்மியா இருந்தா விட்டுடணும், ரெண்டா போடக் கூடாது, இத பெரிய எழுத்துல தமிழ்ல எழுதிக் குடுத்தேன். ஹெல்ப்பருக்கும் தனியா போன்ல சொன்னேன், நீ எடுத்துக் குடு, பாக்கெட்ட பாட்டி முன்னாடி கிழி, அவங்க வேணாம்னா கட்டாயப்படுத்தாத, மேடம்கிட்ட சொல்லு.

ஒருவேளை பாட்டிக்கு நிஜமாவே திறன் போயிருந்தா? அப்பவும் மக தனியா முடிவு பண்ணி தயிர்சாதத்துல கலக்குறது வழி இல்ல. டாக்டர் முறையா மதிப்பிட்டு எழுதணும், அந்த மருந்து அவ்வளவு அவசியமான்னு முதல்ல கேக்கணும், குடும்பம், டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் உக்காந்து பேசி முடிவ எழுதி வைக்கணும், கொஞ்ச நாளுக்கு ஒருக்கா திரும்பப் பார்க்கணும், எந்த உருவத்துல குடுத்தா மருந்து கெடாதுன்னு நாங்க சொல்லணும். அவங்க நலன எடை போடும்போது அவங்க முன்னாடி சொன்ன விருப்பம், நம்பிக்கை, அவங்க மதிக்கிற விஷயங்கள் எல்லாத்தையும் கணக்குல எடுக்கணும்னு சட்டமே சொல்லுது. ஞாபகம் போச்சுங்கறதுக்காக வீட்டுக்காரர் போனப்புறம் விட்ட கறி திரும்ப வந்துடாது.

அதனால அடுத்த அப்பாயின்ட்மெண்ட்ல இன்னொரு விஷயத்தையும் பேசிட்டோம். ஆஸ்பத்திரியில ரத்தம் உறையாம இருக்க அவசரத்துக்குப் போடுற ஹெப்பரின், எனாக்சபரின் ஊசி ரெண்டுமே பன்னிக் குடல்லேருந்து வர்றது. அது பாட்டிக்கு முன்னாடியே தெரியணும்னு நானும் டாக்டரும் நினைச்சோம், நான் தமிழ்ல சொன்னேன். பாட்டி கொஞ்சம் யோசிச்சுட்டு, "நான் மயங்கிக் கெடந்தா உசுரக் காப்பாத்த என்ன வேணுமோ பண்ணுங்க. முழிச்சிருந்தா என்கிட்ட கேளுங்க"ன்னாங்க. மக பக்கத்துலதான் இருந்தாங்க, தலையாட்டினாங்க. டாக்டர் அத அப்படியே இங்கிலீஷ்ல ரெக்கார்டுல ஏத்தினார், மருந்துக் குறிப்புல நான் சேர்த்தது: சைவ உணவு, ஜெலட்டின் கேப்ஸ்யூல் வேணாம், புது மருந்து எதுன்னாலும் பாட்டிகிட்டயே தமிழ்ல விளக்கணும், டியூட்டியில தமிழ் பேசுறவங்க இல்லன்னா மொழிபெயர்ப்பாளர கூப்பிடணும், மகளுக்கு மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. டாபிகட்ரான்ல 80 சதவீதம் கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, அடுத்த ரத்தப் பரிசோதனை தேதியும் அதுக்குக் கீழயே போட்டிருக்கு.